பூட்டா, அறிவிப்புப் பலகையா? தனியுடைமை ஆவண மறையாக்கமும் நிரலகங்களும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மாரண்டஅள்ளி 636806. அதியமான்கோட்டை 636807. பாலக்கோடு 636808. பாப்பாரப்பட்டி 636809. பென்னாகரம் 636810. தருமபுரி மாவட்டத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த அஞ்சல் குறியீட்டு எண்கள் மனப்பாடம். தெரியாதவர் அந்தந்த ஊர்க் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தால் போதும். இதே எண்கள் சில ஆண்டுகள் சாவிகளாகவும் இருந்தன. இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் இணையத்தில் வழங்கும் மின்-ஆதார் ஒரு பிடிஎஃப் கோப்பு; கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். தொடக்கத்தில் அந்தக் கடவுச்சொல், அட்டைக்குரியவரின் முகவரியில் உள்ள ஆறிலக்க அஞ்சல் எண்தான். கோப்பின் உள்ளே கணித வலிமை கொண்ட மறையாக்கம். வாசலிலோ ஊருக்கே தெரிந்த சாவி. இந்த முரண் ஓர் அலுவலகத்தின் கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. ஆவண மறையாக்கம் என்னும் தொழில்நுட்பம் முப்பது ஆண்டுகளாக வளர்ந்த விதத்திலேயே அதற்கு வேர் உண்டு. அந்த வளர்ச்சியை, பூட்டைச் செய்த நிறுவனங்களின் பக்கத்திலிருந்து பார்க்காமல், பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்ட நிரலகங்களின் பக்கத்திலிருந்து இக்கட்டுரை பார்க்கிறது. பிடிஎஃப் படிக்கும் செயலிகளில் பெரும்பாலானவை எல்லா வேலையையும் தாமே செய்வதில்லை. கோப்பைப் பிரிப்பது, எழுத்துருவை வரைவது, மறையை அவிழ்ப்பது போன்றவற்றை முன்பே எழுதிவைத்த பொதுத் தொகுப்புகளிடம் விட்டுவிடுகின்றன. அவையே நிரலகங்கள். ஒரு தனியுடைமைப் பூட்டின் செய்முறையைத் திறமூல நிரலகம் ஒன்று கற்றுக்கொண்டபோதெல்லாம், அது உண்மையில் பூட்டா அல்லது ‘உள்ளே வராதீர்’ என்று எழுதிய பலகையா என்பது வெளிப்பட்டது. செய்முறை வெளிப்பட்டதால் நல்ல பூட்டு எதுவும் கெட்டுப்போகவில்லை. பலகைகளின் சாயம்தான் வெளுத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பிடிஎஃப் பூட்டின் முதல் வடிவம் அடோபி நிறுவனத்தின் அக்ரோபேட் 2.0 பதிப்போடு 1994இல் வந்தது. மறையாக்கத்துக்கு அடோபி தேர்ந்தது ஆர்சி4 என்னும் முறை. ரொனால்ட் ரிவெஸ்ட் 1987இல் வடிவமைத்த அதை ஆர்எஸ்ஏ நிறுவனம் வணிக இரகசியமாகப் பொத்திவைத்திருந்தது. அதே 1994 செப்டம்பரில் யாரோ ஒருவர் அதன் நிரலைப் பெயர் சொல்லாமல் இணையத்தில் வெளியிட்டார். ஆர்சி4 என்ற பெயர் வணிகக்குறி என்பதால், திறமூல உலகில் நெடுநாள் அதற்கு ‘ஆர்க்ஃபோர்’ என்ற மாற்றுப் பெயரே வழங்கியது. பெயரைச் சொல்லத் தயங்கியபடியே உலகம் ஒரு முறையைப் பயன்படுத்திய விந்தை இது. சாவியின் நீளமோ 40 பிட் மட்டுமே. கணிதம் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை என்பதில்லை. நீண்ட சாவியுள்ள மறையாக்க மென்பொருளை அமெரிக்கச் சட்டம் அப்போது படைக்கலத்துக்கு ஒப்பாக வைத்து ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் கணினி ஒன்றைச் சில நாள் ஓடவிட்டு அத்தனையையும் முயன்று பார்த்துவிடலாம் என்ற நிலை விரைவிலேயே வந்துவிட்டது. ஆகவே முதல் பூட்டின் பலவீனத்துக்குக் காரணம் செய்முறை வெளியானது அன்று, சாவியை வேண்டுமென்றே குட்டையாக வெட்டியதுதான்.

இந்த ஏற்றுமதித் தடை நிரலகங்களின் வரலாற்றில் வேடிக்கையான தடம் ஒன்றை விட்டுச்சென்றது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் திறமூல மென்பொருள் பிடிஎஃபைப் படித்தது. ஆனால் பூட்டிய பிடிஎஃபைத் திறக்கும் பகுதி அதன் மையத் தொகுப்பில் இல்லை. ஜெஃப்ரி கீட்டிங் எழுதிய சிறு கோப்பைத் தனியே எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டெரெக் நூன்பர்க்கின் எக்ஸ்பிடிஎஃபிலும் அதே நிலைமை. மறை அவிழ்க்கும் நிரல் ஒட்டுத்துண்டாகத் தனியே கிடைத்தது. அமெரிக்க விதிகள் 2000 சனவரியில் தளர்ந்த பிறகே இவை மைய நிரலோடு இணைந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லிலிருந்து சாவியை வடிப்பது எப்படி என்பதை அடோபி ஒளிக்கவில்லை. தன் விவரக்குறிப்பு நூலில் படிப்படியாக அச்சிட்டது. கோப்பு வடிவம் தனியுடைமையாக இருந்தும் செய்முறை வெளிப்படை. அதனால்தான் அடோபியைக் கேட்காமலேயே வெளியார் திறவுநிரல் எழுத முடிந்தது. தனியுடைமை என்பதும் இரகசியம் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே பின்னர் வழுக்கினார்கள்.

பிடிஎஃப் பூட்டில் இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று திறப்பதற்கு, மற்றது உரிமையாளருக்கு. திறப்புச் சொல்லை வெறுமையாக விட்டுவிட்டு உரிமையாளர் சொல்லை மட்டும் வைத்தால் கோப்பு எவருக்கும் திறக்கும்; ஆனால் அச்சிடாதே, நகலெடுக்காதே, திருத்தாதே என்ற அனுமதிக் குறிகள் உள்ளே இருக்கும். திறந்து காட்டுவதற்குத் தேவையான சாவி செயலியின் கையில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதன் பின் குறிகளை மதிப்பதும் மதிக்காததும் செயலியை எழுதியவரின் விருப்பம். அடோபியின் விவரக்குறிப்பே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: கோப்பு வடிவத்தால் இந்தக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்த முடியாது, செயலிகள்தான் மதித்து நடக்க வேண்டும் என்பது அதன் நிலை. நூன்பர்க் மதித்து எழுதினார். ஆக்குலர் செயலியோ மதிப்பதா வேண்டாமா என்பதை அமைப்புப் பட்டியலில் ஒரு தேர்வாக வைத்துப் பயனரிடமே விட்டது. ஒரு தேர்வுக் குறியால் மறைந்துபோவதைப் பூட்டு என்று சொல்வது மொழிக்குச் செய்யும் அநியாயம். பார்வையற்றோருக்கு இது இன்னும் கொடுமையாக வாய்த்தது. நகலெடுக்காதே என்ற குறி, எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பானையும் தடுத்தது. 2001இல் வந்த 128 பிட் பதிப்பில்தான் அணுகல் வசதிக்கெனத் தனிக்குறி சேர்ந்தது. பிடிஎஃப் 2.0 தரம் 2017இல் வெளியானபோது அந்தக் குறியையும் கைவிட்டு, திரைவாசிப்பை எப்போதும் அனுமதிக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. பலகையை எழுதியவர்களே தம் பலகையைத் திருத்திக்கொள்ள இருபது ஆண்டுக்கு மேலாயிற்று.

பிடிஎஃப் மறையாக்கத்தில் இன்னொரு வாசலும் இருந்தது. அடோபியின் வழக்கமான பூட்டுக்குப் பதிலாக, மூன்றாம் நிறுவனம் எதுவும் தன் சொந்தப் பூட்டுப் பொறியைச் செருகுநிரலாக மாட்டலாம். கோப்பின் உள்ளே அந்தப் பொறியின் பெயர் மட்டும் இருக்கும், செய்முறை எங்கும் இருக்காது. முழு இரகசியம் ஆண்ட இடம் இதுதான். விலையுயர்ந்த அறிக்கைகளையும் மின்னூல்களையும் விற்றவர்கள் இவ்வகைப் பொறிகளை நம்பினார்கள். திறமூல நிரலகங்கள் அத்தகைய கோப்பைக் கண்டால் ‘அறியாத பாதுகாப்புப் பொறி’ என்று சொல்லிக் கைவிரித்தன, இன்றும் அப்படித்தான். இந்த இரகசியப் பொறிகள் எவ்வளவு வலியவை என்பதை உருசிய நிரலர் திமித்ரி ஸ்க்லியாரோவ் 2001 சூலையில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்த பொறிகளில் ஒன்றின் பெயரே ராட்13. எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போடும் சிறுபிள்ளை விளையாட்டின் பெயர் அது. அந்தப் பொறி தான் பூட்டிய எல்லா ஆவணங்களுக்கும் ஒரே மாறாச் சாவியைப் பயன்படுத்தியது. அந்தச் சாவியும் செருகுநிரலின் உள்ளேயே எழுத்துச்சரமாகக் கிடந்தது. உரை முடிந்த கையோடு, அடோபி மின்னூல் பூட்டைத் திறக்கும் நிரலுக்காக ஸ்க்லியாரோவ் கைது செய்யப்பட்டார். அவர் வேலைபார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை 2002 டிசம்பரில் சான் ஓசே நடுவர் குழு குற்றமற்றது என விடுவித்தது.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழும், அதற்கு வலுவும் உண்டு. மின்னூல் எழுதிப் பிழைப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா? பூட்டு சிறிதாயினும் திருடனைத் தயங்கவைக்குமே? ஊர்த் தோட்டத்து முள்வேலியால் யானையை நிறுத்த முடியாது, ஆட்டை நிறுத்தலாம். இந்த வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த வேலியை ‘வேலி’ என்று சொல்லி விற்க வேண்டும், ‘கோட்டை’ என்று சொல்லி விற்கக் கூடாது. நம் சட்டமும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் நிற்கிறது. 2012 பதிப்புரிமைத் திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடையை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. கூடவே, சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காகச் செய்வதையும், மறையாக்க ஆராய்ச்சியையும், சட்டப்படியான விசாரணையையும் விலக்குகிறது. ஸ்க்லியாரோவ் கைதுக்கு அடிப்படையான அமெரிக்கச் சட்டம் கருவியையே குற்றமாக்கிய இடத்தில் நம் சட்டம் கருத்தைப் பார்க்கிறது. நிரலகம் எழுதுபவர்களுக்கு இது சிறு ஆறுதல் அல்ல.

செய்முறை வெளிப்படையாக இருப்பதால் என்ன நன்மை என்பதற்கு 2008 நல்ல சாட்சி. அவ்வாண்டு வந்த அக்ரோபேட் 9, 256 பிட் ஏஇஎஸ் மறையாக்கத்தை அறிமுகப்படுத்தியது. எண்ணைப் பார்த்தால் முந்தைய 128 பிட்டைவிட வலியது. ஆனால் கடவுச்சொல் சரியா என்று சோதிக்கும் படியில் அடோபி சறுக்கியது. பழைய முறையில் ஒவ்வொரு ஊகச் சொல்லையும் சோதிக்க எம்டி5 கணக்கை ஐம்பது முறையும் ஆர்சி4ஐ இருபது முறையும் ஓட்ட வேண்டும். தவறான சொற்களை அடுத்தடுத்து வீசுபவனுக்கு அது நேரச்செலவு. புதிய முறையிலோ ஒரே ஒரு ஹேஷ் கணக்கு போதும். விளைவாக, ஊகித்துத் திறக்கும் வேலை நூறு மடங்கு வரை விரைவாகிவிட்டது என்று அதே எல்காம்சாஃப்ட் அறிவித்தது, அடோபியும் மறுக்கவில்லை. செய்முறை அச்சில் இருந்ததால்தான் பிழை சில மாதங்களில் பிடிபட்டது. அடுத்த பதிப்பில் அடோபி இந்தச் சோதனையை வேண்டுமென்றே கடினமாக்கி, குறைந்தது 64 சுற்று ஓடும்படி மாற்றியது. அந்தத் திருத்தமே பின்னர் பிடிஎஃப் 2.0 என்னும் பன்னாட்டுத் தரத்தில் நின்றது. மைக்ரோசாஃப்டின் கதையும் இதே திசையில்தான் போகிறது. பல ஆண்டுகள் மூடிவைத்திருந்த ஆஃபிஸ் கோப்பு வடிவங்களின் விவரக்குறிப்புகளை அது 2008இல் வெளியிட்டது. மறையாக்க முறையும் அவற்றோடு வெளிவந்தது. அதன்பின் அப்பாச்சி பிஓஐ போன்ற நிரலகங்கள் அக்கோப்புகளைத் திறக்கக் கற்றன. ஆஃபிஸ் 2010இன் பூட்டோ, முறை உலகறிந்த பின்னும் ஓர் ஊகத்துக்கு லட்சம் சுற்று என்று கடினமாகவே நிற்கிறது.

ஆனால் முறை வெளியானதும் நிரலகங்கள் உடனே கற்றுக்கொள்ளும் என்று நினைத்தால் தவறு. பைத்தான் மொழியில் வெகுவாகப் புழங்கிய பைபிடிஎஃப்2 நிரலகம், ஏஇஎஸ் கொண்டு பூட்டிய கோப்பைக் கண்டால் முதல் இரண்டு முறைகளை மட்டுமே அறிவேன் என்று பல ஆண்டுகள் பிழைச்செய்தி காட்டிக்கொண்டிருந்தது. ஏஇஎஸ் அதில் சேர்ந்தது 2022இல்தான். சாவா மொழியில் 256 பிட் சாவியைப் பயன்படுத்த 2018 வரை தனி அனுமதிக் கோப்புகளை நிறுவ வேண்டியிருந்தது. அமெரிக்க ஏற்றுமதி விதியின் கடைசி நிழல் அது. இவையெல்லாம் நிரலர்களின் தொல்லை என்று தள்ளிவிடலாம். கைப்பேசியை அப்படித் தள்ள முடியாது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 தன்னோடு ஒரு பிடிஎஃப் வரைநிரலைக் கொண்டுவந்தது. கூகுள் அதே ஆண்டு திறமூலமாக்கிய பிடிஎஃபியம்தான் அதன் உள்ளே இருந்தது. பிடிஎஃபியத்துக்குக் கடவுச்சொல் பூட்டைத் திறக்கத் தெரியும். ஆனால் ஆண்ட்ராய்டு அதன் மேல் வைத்த இடைமுகத்தில் கடவுச்சொல்லைச் சொல்லும் இடமே இல்லை. பூட்டிய கோப்பைக் கொடுத்தால் பாதுகாப்புப் பிழை என்று திருப்பி அனுப்பியது. அந்த இடம் 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல்தான் திறந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் பூட்டிய பிடிஎஃபைத் திறக்க விரும்பிய ஒவ்வொரு செயலியும் தன் சொந்த நிரலகத்தைச் சுமந்து வர வேண்டியதாயிற்று. மின்-ஆதாரும், மின்-பான் அட்டையும், வங்கிக் கணக்கறிக்கையும் பூட்டிய பிடிஎஃபாகவே மக்கள் கைக்கு வந்த அதே பத்தாண்டுகள் அவை.

இந்த இடைவெளி தருமபுரி போன்ற மாவட்டத்தில் எங்கே போய் விழுந்திருக்கும் என்று யோசிக்கலாம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து, 2004இல் கிருட்டிணகிரியைப் பிரித்துக்கொடுத்த மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 15 லட்சம் பேர். எழுத்தறிவு சுமார் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் மாவட்டமும்கூட. போகிற இடத்தில் அடையாளச் சான்று கேட்பார்கள். தன் கைப்பேசியில் திறக்காத கோப்பை ஒருவர் ஒன்று இ-சேவை மையத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ கொண்டுபோவார், அல்லது ‘பிடிஎஃப் பூட்டு நீக்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு சேவையின் வழங்கியில் ஏற்றுவார். இரண்டிலும் கோப்பும் கடவுச்சொல்லும் சேர்ந்தே மூன்றாம் கைக்குப் போகின்றன. நிரலகம் பூட்டை ஆதரிக்காவிட்டால் இரகசியம் காக்கப்படும் என்ற நினைப்புக்கு நேர்மாறான விளைவு இது. ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று, பொதுக் கணினி மையங்களில் மின்-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் நகல்களை அழித்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியது. தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்று சொல்லி நடுவணரசு இரண்டே நாளில் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அறிவுரையில் தவறில்லை, ஆனால் சொந்தக் கணினி இல்லாதவரிடம் பொதுக் கணினிக்குப் போகாதே என்பது, கிணறு இல்லாதவரிடம் பொதுக்குழாய்க்குப் போகாதே என்பது போலத்தான்.

இனிக் கடவுச்சொல்லுக்கு வருவோம். நாட்டில் உள்ள அஞ்சல் எண்கள் சுமார் 19,000. எந்தப் பதிப்பின் பூட்டாயினும் பத்தொன்பதாயிரம் ஊகங்களைச் சாதாரண மேசைக்கணினி விரைவில் முயன்று முடித்துவிடும். ஆள் தருமபுரிக்காரர் என்று மட்டும் தெரிந்தால் கணினியே தேவையில்லை. 636இல் தொடங்கும் சில பத்து எண்களையும், காரிமங்கலத்தின் 635111, மொரப்பூரின் 635305 போன்ற சிலவற்றையும் கையாலேயே தட்டிப் பார்க்கலாம். பின்னர் ஆணையம் விதியை மாற்றியது: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அவற்றோடு பிறந்த ஆண்டு. இருபத்தாறு எழுத்துகளில் நான்கை அடுக்கினால் 4,56,976 வகை. நூறு ஆண்டுகளால் பெருக்கினால் ஏறக்குறைய 4.57 கோடி. காகிதத்தில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் பெயர்கள் சீட்டுக் குலுக்கி வைக்கப்படுவதில்லை. முனியப்பன், முனியம்மாள், முனிராஜ் மூவருக்கும் எம், யு, என், ஐ என்ற அதே நான்கு எழுத்துகள். கோப்பை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பெயர் ஏற்கெனவே தெரியும். மிஞ்சுவது ஆண்டு மட்டுமே, அதாவது நூறு ஊகம். அதையும் குறைத்துக்கொள்ளலாம்: வாக்காளர் பட்டியலில் பெயரும் வயதும் வாக்குச்சாவடி வாரியாக அச்சாகின்றன. அந்தப் பட்டியலையும் தேர்தல் ஆணையம் தேட முடியாத படக்கோப்புகளாக வெளியிடுகிறது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது; எழுத்துணரி மென்பொருள் மலிந்த காலத்தில் அதுவும் இன்னொரு பலகை.

இந்தக் கடவுச்சொல் விதி அந்நியனை எவ்வளவு தடுக்கிறது என்பதைவிட உரியவரை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்பது பயன் தரும். மாதம்மாள் என்ற பெயர் இந்த வட்டாரத்தில் பரவலானது. பதிவு செய்தவர் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்து மூன்றாம் எழுத்து டி (D) ஆகலாம், டி (T) ஆகலாம், அல்லது இன்னொரு ஏ (A) வரலாம். தலைப்பெழுத்து முன்னால் இருந்தால் கணக்கே மாறிவிடும், பி.குமார் என்பவருக்கு பி, புள்ளி, கே, யு என்பவைதான் முதல் நான்கு என்று ஆணையமே எடுத்துக்காட்டு தருகிறது. தமிழ் மட்டும் எழுதத் தெரிந்த ஒருவருக்குத் தன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல், அவருடையதே ஆனாலும், தெரியாத சாவி. கடைக்காரருக்கு அது தொழில் பழக்கத்தில் தெரிந்த சாவி. எந்தப் பூட்டும் இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாகப் பொருத்தப்பட்டதில்லை.

அப்படியானால் தமிழிலேயே கடவுச்சொல் வைக்கலாமே என்று கேட்கலாம். 2008க்கு முந்தைய பிடிஎஃப் பூட்டுகளில் அது இயலாது. கடவுச்சொல்லை இலத்தீன் எழுத்துகளுக்கென வகுத்த பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும், 32 பைட்டுக்கு மேல் வெட்டிவிடும். 256 பிட் பதிப்புதான் ஒருங்குறிக்கு இடம் கொடுத்து எல்லையை 127 பைட்டாக உயர்த்தியது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட் எடுக்கும். மொரப்பூர் என்று நாம் ஐந்தெழுத்தாக எண்ணுவது கணினிக்கு ஒன்பது புள்ளி, 27 பைட். இன்னொரு சிக்கலும் உண்டு. மொ என்பதில் உள்ள குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே புள்ளியாக இடும், சில ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டாக இடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மறையாக்கத்துக்கு இரண்டும் வேறு சொற்கள். இதைச் சரிசெய்யத்தான் தரத்தில் கடவுச்சொல்லை ஒரே வடிவாக்கும் படி ஒன்று இருக்கிறது. எல்லா நிரலகங்களும் அந்தப் படியைச் செய்வதில்லை. ஆகவே ஒரு செயலியில் பூட்டிய ‘மொரப்பூர்’ இன்னொரு செயலியில் திறக்காமல் போகலாம். ஆங்கிலம் மட்டும் தட்டும் நிரலர் இந்தப் பிழையை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்கமாட்டார். திறமூல நிரலகங்களில் தமிழ் நிரலர்கள் கைவைக்க வேண்டிய இடம் இது.

கடவுச்சொல்லே வலியதாக இருந்தாலும் மிச்சமிருக்கும் ஓட்டை ஒன்றைச் செருமானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். பிடிஎஃப் மறையாக்கம் உள்ளடக்கத்தை ஒளிக்கிறது, ஆனால் அது மாறாமல் இருக்கிறதா என்று சோதிப்பதில்லை. பூட்டிய கோப்பில் பூட்டாத பகுதியை நுழைத்து, உரியவர் கடவுச்சொல் கொடுத்துத் திறந்த நொடியில் உள்ளடக்கத்தை வெளியே அனுப்பவைக்க முடிந்தது. அவர்கள் சோதித்த 27 செயலிகளும் ஏதாவது ஒரு வகையில் தோற்றன. விலைகொடுத்து வாங்கியவை, இலவசமானவை என்ற வேறுபாடு அங்கே இல்லை. குற்றம் நிரலகங்களுடையதன்று, தரத்தினுடையது. மாற்றத்தைக் கண்டறியும் மறையாக்க முறை 2023இல்தான் பன்னாட்டுத் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வந்தது.

இன்னொரு திசையிலிருந்தும் எதிர்வாதம் வரும்: பழைய, பலவீனமான முறைகளை நிரலகங்கள் ஏன் சுமக்க வேண்டும், தூக்கியெறியலாமே? அந்தப் போக்கு தொடங்கிவிட்டது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, ஆர்சி4ஐ இயல்பான தொகுப்பிலிருந்து எடுத்துப் பழையன பகுதியில் ஒதுக்கியது. ஜே பெர்க்கன்பில்ட் எழுதிய கியூபிடிஎஃப், பலவீன முறையில் புதிதாகப் பூட்டச் சொன்னால் இப்போது மறுக்கிறது. வற்புறுத்தத் தனி ஆணை வேண்டும். பழையதைத் திறக்க மட்டும் மறுப்பதில்லை. இந்தப் பாகுபாடு சரியானது. தருமபுரி வட்டாரத்து நடுகற்களில் வட்டெழுத்தில் வெட்டிய வரிகளை எவரும் பூட்டவில்லை. ஆனாலும் எழுத்து வழக்கொழிந்ததும் அவை ஊரார் கண்முன்னே பூட்டிக்கிடந்தன. அந்த எழுத்தின் அறிவு அறிஞர்களிடம் எஞ்சியிருந்ததால்தான் 1970களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைப் படித்துத் தொகுக்க முடிந்தது. 1994 முதல் பூட்டிய கோடிக்கணக்கான ஆவணங்களுக்கு அந்த எஞ்சிய அறிவு நிரலகங்களில்தான் இருக்கிறது. இரகசியச் செருகுநிரல்கள் பூட்டியவற்றுக்கு அதுவும் இல்லை. நிறுவனம் மூடினால் ஆவணமும் மூடும்.

கடைசியாக, எளிய மக்களுக்கு எளிய கடவுச்சொல்தானே கொடுக்க முடியும், மறந்தால் யார் பொறுப்பு என்ற நடைமுறைக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விடை ஏற்கெனவே பக்கத்திலேயே இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம் இ-சேவை வழியாக வழங்கும் சாதி, வருமானச் சான்றிதழ்கள் கடவுச்சொல்லால் பூட்டப்படுவதில்லை. மின்னொப்பமும் சரிபார்க்கும் எண்ணும் தாங்கி வெளிப்படையாக வருகின்றன. அங்கே காக்க வேண்டியது இரகசியம் அன்று, உண்மை. அதற்கு ஒப்பம் போதும். மின்-ஆதாரிலும் ஒப்பம் உண்டு. ஆனால் இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச்சான்றிதழை அடோபி செயலி இயல்பாக நம்பாததால், ஒப்பத்தின் மேல் கேள்விக்குறியே தெரியும். பயனர் தாமே நம்பிக்கையைச் சேர்க்க வேண்டும். உண்மையான காவலுக்குக் கேள்விக்குறி, பெயரளவுக் காவலுக்குப் பூட்டுப் படம். ஆதாரின் இணையமில்லாச் சரிபார்ப்புக் கோப்பிலோ பகிர்வுக் குறியை உரியவரே தேர்ந்தெடுக்கிறார். நான்கு எழுத்து மிகக் குறைவுதான். ஆனாலும் அவர் சொல்லாமல் எவருக்கும் தெரியாத நான்கு எழுத்து. மின்-ஆதார் பிடிஎஃபுக்கும் இதையே செய்ய, இறக்கும் நேரத்தில் உரியவர் விரும்பிய சொல்லைத் தமிழிலோ எண்ணிலோ கேட்டுப் பூட்டித்தர, எந்தத் தொழில்நுட்பத் தடையும் இன்று இல்லை. ஆணையம் அதைச் செய்ய வேண்டும். அதுவரை ஒன்றை நினைவில் கொள்ளலாம். விதி மாறியபோது புதிதாக இறக்கிய கோப்புகளுக்குத்தான் கடவுச்சொல் மாறியது. மாற்றத்துக்கு முன் இறக்கி, மின்னஞ்சலிலும் கடைக் கணினிகளிலும் அழிக்காமல் கிடக்கும் மின்-ஆதார் கோப்புகள், பென்னாகரத்துக்காரருடையது என்றால் இன்றும் 636810க்குத் திறக்கும்.